இறுக்கம் பகையா, துணையா? எம்.எஸ். நோயாளி ஒருவரின் கால் தசை இறுக்கம்: முழு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்மணி தனியொரு நபர் அல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறையைச் சிதைக்கும் நோய்) உள்ளவர்களிடம் மீண்டும் மீண்டும் பார்க்கிற சிக்கல்களை ஒரே வரலாற்றில் கோத்து, கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. மருந்தளவுகளும் அளவிடும் முறைகளும் நடைமுறையில் உள்ளவையே. ஆனாலும் இதைப் பார்த்து யாரும் தாமாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எங்கே ஆபத்து என்பது போகப்போகத் தெரியும்.

வந்தபோது இருந்த நிலை

வயது 46. எம்.எஸ். என்று உறுதியாகி 14 ஆண்டுகள். தொடக்கத்தில் வந்து வந்து தணிந்த நோய், கடந்த 4 ஆண்டுகளாக இடைவெளி இல்லாமல் மெல்லக் கூடிக்கொண்டே போகும் கட்டத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுமார் 20 மீட்டர் நடப்பார்; வெளியே போகச் சக்கர நாற்காலி. எம்.எஸ். தரும் இயலாமையை 0 முதல் 10 வரை குறிக்கும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் 6.5.

ஆறு வாரங்களாகக் கால்கள் இரண்டும் விறைத்துக்கொள்கின்றன. இரவில் முழங்கால்கள் தாமாக மடங்கி வயிற்றை நோக்கி இழுக்கின்றன; ஓர் இரவில் 6 முதல் 8 முறை. அவரும் தூங்குவதில்லை, கணவரும் தூங்குவதில்லை. தொடைகள் ஒன்றோடொன்று இறுகிப் பின்னிக்கொள்வதால் சிறுநீரை வெளியேற்றும் குழாயை (கத்தீட்டர்) தானே செலுத்த முடியவில்லை. நாளுக்கு 4 முறை செய்துவந்தது இப்போது ஒரு முறையோ இரண்டு முறையோதான்.

இதற்காக வேறோர் இடத்தில் பேக்லோஃபென் என்ற, தசையைத் தளர்த்தும் மருந்தை 10 மி.கி. மூன்று வேளை என்பதிலிருந்து 20 மி.கி. மூன்று வேளை என்று எட்டே நாளில் உயர்த்தியிருந்தார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது. இரண்டு முறை விழுந்துவிட்டார். நண்பகலிலேயே கண் சொருகுகிறது.

இதோடு ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. மூன்று வேளை, சிறுநீர் அவசரத்துக்காக. நோயின் போக்கை மாற்றும் மருந்தில் அண்மையில் எந்த மாற்றமும் இல்லை. சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருந்தது. பேக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் இதைப் பார்க்காமல் மருந்தளவைப் பற்றிப் பேசவே கூடாது.

பரிசோதனையில் என்ன தெரிந்தது

தசை இறுக்கம் என்றால் என்ன என்பதற்கு 1980ல் ஜேம்ஸ் லான்ஸ் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது: தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது எதிர்க்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டுப்பாடு தளர்ந்துபோவதால், தண்டுவடத்தின் அனிச்சை வளையம் சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் சொல்கிறது. வேகம் என்பதுதான் இதில் முக்கியம். பரிசோதனையும் அதை வைத்துத்தான்.

காலை அசைக்கும்போது கை உணரும் எதிர்ப்பை 0 முதல் 4 வரை குறிக்கும் திருத்திய ஆஷ்வொர்த் அளவில் உள்தொடைத் தசைகள் இருபுறமும் 3, முன்தொடை 2, வலது பின்தொடை 2, கெண்டைக்கால் வலது 3, இடது 2. இந்த அளவுக்கு ஒரு குறை உண்டு. கை உணரும் எதிர்ப்பு நரம்பினால் வந்ததா, தசையே சுருங்கிக் குட்டையாகிவிட்டதா என்று அது பிரித்துச் சொல்லாது. முன்னதற்கு மருந்து கேட்கும், பின்னதற்குக் கேட்காது. அதனால் டார்டியூ முறையிலும் அளந்தோம். வலது முழங்கால் நீட்டியிருக்க, பாதத்தை மிக மெதுவாக மேலே தள்ளினால் நேர்கோணம் வரை வருகிறது. அதையே வேகமாகத் தள்ளினால் நேர்கோணத்துக்கு 20 டிகிரி முன்பே தசை சட்டென்று பிடிக்கிறது. தொடர்ந்து பாதம் துடிக்கிறது, அதாவது குளோனஸ். இரண்டுக்கும் இடையே உள்ள 20 டிகிரி நரம்பு சார்ந்த பகுதி, சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது. ஆனால் மெதுவாகத் தள்ளியும் நேர்கோணத்தைத் தாண்டாதது, தசையின் நீளம் குறையத் தொடங்கிவிட்டதற்கான முதல் அடையாளம்.

படுத்த நிலையில் முழங்கால்களை மடக்கி, மெல்ல விரித்தால் இரண்டு முழங்கால்களின் உட்புறங்களுக்கு இடையே கிடைத்த தூரம் 9 செ.மீ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த அளவுகோலையும்விட இதுதான் பயன்பட்டது.

தசை வலு: இடுப்பை மடக்கும் தசை 5க்கு 2, முன்தொடை 3, வலது பாதத்தை மேலே தூக்கும் தசை 2. இறுக்கத்தின் தொல்லையை 0 முதல் 10 வரை அவரே மதிப்பிட்டபோது 8. வாக்கரோடு 25 அடி, அதாவது 7.62 மீட்டர் நடக்க 31 விநாடி.

முழங்கால் ஏன் மடங்கியது

முன்தொடையின் வலு 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துக் காலை நீட்ட முடியும், கூடுதல் சுமையைத் தாங்க முடியாது. உடம்பின் எடை முழுவதும் கூடுதல் சுமைதான். அப்படியிருக்க இதுவரை அவர் எப்படி நின்றார்? முன்தொடையின் விறைப்பே முழங்காலை நேராகப் பூட்டி வைத்திருந்தது. மருந்தைக் கூட்டியதும் அந்தப் பூட்டுத் திறந்துகொண்டது. அடியில் இருந்த பலவீனம் வெளியே வந்தது.

வாய்வழி மருந்து எந்தத் தசை தேவை, எந்தத் தசை தொல்லை என்று பார்ப்பதில்லை. உள்தொடையைத் தளர்த்தும் அதே அளவு முன்தொடையையும் தளர்த்தும். ஆகவே ஆஷ்வொர்த் எண்ணைக் குறைப்பதை இலக்காக வைத்துக்கொள்வது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து. எந்தச் செயல் தடைப்படுகிறது, அதைத் தடுக்கும் தசை எது, எந்த இறுக்கம் அவருக்கு உதவுகிறது ஆகிய மூன்றுக்கும் விடை தெரியாமல் மருந்துச்சீட்டு எழுதக்கூடாது.

அவரிடம் கேட்டு எழுதிய இலக்குகள் மூன்று. படுக்கையில் உட்கார்ந்தபடி யார் உதவியும் இல்லாமல் கத்தீட்டர் செலுத்த வேண்டும். இரவில் தொடர்ந்து 4 மணி நேரமாவது தூங்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு நின்று மாறும் திறன் போகக்கூடாது. வேகமாக நடக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நாமாக அதைச் சேர்க்கவும் இல்லை.

முதலில் தூண்டுவதைத் தேடு

பல ஆண்டுகளாக ஓரளவு நிலையாக இருந்த இறுக்கம் ஆறு வாரத்தில் இப்படித் தாவினால், நோய் கூடிவிட்டது என்று முடிவுகட்டுமுன் உடம்பில் எங்கோ ஒரு தூண்டல் இருக்கிறதா என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிரம்பி வழியும் சிறுநீர்ப் பை, சிறுநீர்க் கல், மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம், உரசும் கால்தாங்கி, இறுக்கமான உடை, தெரியாமல் போன எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு: இவற்றில் எதுவும் இதைச் செய்யும். உணர்ச்சி மங்கியவருக்கு வலி தெரியாது, இழுப்புதான் தெரியும். மருந்துகளையும் பார்க்க வேண்டும். பீட்டா இன்டர்ஃபெரானும் செரட்டோனின் வகை மனச்சோர்வு மருந்துகளும் சிலருக்கு இறுக்கத்தைக் கூட்டுவதுண்டு.

இவரிடம் மூன்று கிடைத்தன. சிறுநீர் கழித்த பிறகு ஸ்கேனில் பையில் மிச்சம் 280 மி.லி.; சிறுநீர் கலங்கி நாற்றமடித்தது, வளர்ப்புச் சோதனையில் ஈ.கோலி கிருமி. மலம் கழிவது 5 நாளுக்கு ஒரு முறை. வலது கால் பெருவிரலில் நகம் சதைக்குள் புதைந்து ஓரம் சிவந்திருந்தது. காலுறையைக் கழற்றச் சொன்னதால்தான் அது தெரிந்தது.

சங்கிலி இப்படிப் போகிறது. ஆக்ஸிபியூட்டினின் குடலையும் மந்தமாக்குகிறது, சிறுநீர்ப் பையையும் தளர்த்துகிறது. மலம் தேங்கிப் பையை அழுத்துகிறது. மிச்சச் சிறுநீர் கூடுகிறது, தொற்று வருகிறது. தொற்று உள்தொடையை இறுக்குகிறது. தொடை இறுகினால் கத்தீட்டர் போடமுடியவில்லை. போடாததால் மிச்சம் இன்னும் கூடுகிறது. பேக்லோஃபெனை எவ்வளவு ஏற்றினாலும் இந்தச் சுழல் நிற்காது.

தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. நீள்வெளியீட்டு வடிவில் இரண்டு வேளை, 7 நாள். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் இதைக் கொடுக்க முடிந்தது. கத்தீட்டர் போடுகிற பலருடைய சிறுநீரில் கிருமி எப்போதும் இருக்கும். அறிகுறி இல்லாவிட்டால் அதற்கு மருந்து வேண்டாம். இங்கே திடீரென்று கூடிய இறுக்கமே அறிகுறி. நாளுக்கு 4 முறை கத்தீட்டரைக் கணவர் தற்காலிகமாகச் செலுத்தினார்.

மலச்சிக்கலுக்கு மேக்ரோகால் பொடி நாளுக்கு இரண்டு பொட்டலம், இளகிய பிறகு ஒன்று. காலை உணவு முடிந்த 20 முதல் 30 நிமிடத்துக்குள் கழிப்பறையில் உட்கார வேண்டும், பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் அல்லது பலகையில் படிந்திருக்க வேண்டும். சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருந்தார். இதைக் கேட்டால்தான் சொல்வார்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கச் சொல்லப்பட்டது. ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தி, ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் அவசரத்துக்கான வேறு வகை மருந்தான மிராபெக்ரான் 25 மி.கி.யில் தொடங்கி 50க்கு உயர்த்தினோம். நகத்தின் ஓரம் மரத்துப்போகும் ஊசி போட்டு அகற்றப்பட்டது. அந்த ஊசி வலிக்காக மட்டும் அல்ல. உணர்ச்சி இல்லாத காலிலும் வெட்டுவது பெரும் இழுப்பைக் கிளப்பும்.

இதை நோயின் புதிய தாக்குதல் என்று எண்ணி ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் தொற்று பரவியிருக்கும். தொற்றோ காய்ச்சலோ இருக்கும்போது கூடும் அறிகுறியைப் புதிய தாக்குதலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பேக்லோஃபெனை இறக்குவது

60 மி.கி.யைச் சட்டென்று 30க்கு இறக்கக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, கடும் காய்ச்சலோடு கூடிய விறைப்பு, தசை சிதைவு வரை போகலாம். வாரம் 5 முதல் 10 மி.கி. வீதம் மூன்று வாரத்தில் 40க்கு வந்தோம்: காலை 10, மதியம் 10, இரவு 20. ஒரு வேளை மருந்தின் வேலை சில மணி நேரம்தான் என்பதால், நின்று மாற வேண்டிய பகலில் குறைவாகவும் இழுப்பு வரும் இரவில் அதிகமாகவும் வைப்பது இத்தகையவர்களுக்குப் பொருந்தும். மூன்று வேளையும் ஒரே அளவு என்பது எழுதுவதற்கு எளிது, அவ்வளவுதான். ஏற்றுவதாக இருந்தாலும் 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, குறைந்தது 3 நாளுக்கு ஒரு படி. நாளுக்கு 80 மி.கி. பொதுவான உச்சம், பலருக்கு அதற்கு வெகு முன்பே மயக்கமும் பலவீனமும் வந்துவிடும்.

மூன்றாம் வார இறுதியில் தொல்லை மதிப்பு 8லிருந்து 5. இரவு இழுப்பு மூன்று முறை. முழங்கால் மடங்குவது நின்றுவிட்டது. இறுக்கத்துக்கென்று புதிதாக ஒரு மாத்திரைகூடச் சேர்க்கவில்லை, இருந்ததைக் குறைத்திருந்தோம். உள்தொடை மட்டும் அப்படியே இருந்தது: 9 செ.மீ. 11 ஆனது.

இரவு மருந்தும் ஒரு விபத்தும்

எஞ்சிய இரவு இழுப்புக்காக டிசானிடின் என்ற இன்னொரு தளர்த்தும் மருந்து 2 மி.கி. படுக்கப்போகும்போது தொடங்கி, நான்கு நாள் கழித்து 4 மி.கி. ஆக்கினோம். தொடங்குமுன் கல்லீரல் சோதனை, படுத்தும் உட்கார்ந்தும் ரத்த அழுத்தம். தூக்கம் நன்றாக வந்தது.

ஐந்தாம் வாரத்தில் சிறுநீர் மீண்டும் கலங்கியது. அருகில் வேறொருவரிடம் காட்டியபோது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியை எழுதிக்கொடுத்தார்கள். அன்றிரவே எழுப்ப முடியாத தூக்கம்; ரத்த அழுத்தம் 82க்கு 50, நாடி 50. டிசானிடினைக் கல்லீரலில் உடைக்கும் நொதியைச் சிப்ரோஃப்ளாக்சசின் தடுக்கிறது. ரத்தத்தில் டிசானிடின் சேரும் மொத்த அளவு சுமார் 10 மடங்கு ஏறும். 4 மி.கி. என்பது 40 மி.கி. சாப்பிட்டதற்குச் சமம், நாள் முழுவதற்குமான உச்சமே 36 தான். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனநல மருந்து இன்னும் மோசம், சுமார் 33 மடங்கு. இரண்டுமே டிசானிடினோடு சேரவே கூடாதவை.

கால்களை உயர்த்தி, சிரைவழி நீர் ஏற்றி, இதயத்துடிப்பைக் கண்காணித்து, இரண்டு மருந்தையும் நிறுத்தியதும் மறுநாள் தெளிந்தார். குறைந்த அளவில் சில நாள் மட்டுமே எடுத்திருந்ததால் நேராக நிறுத்த முடிந்தது. நீண்ட நாள் அதிக அளவில் எடுப்பவருக்கு அப்படி நிறுத்தினால் ரத்த அழுத்தம் எதிர்ப்பக்கம் பாயும்.

இதிலிருந்து எங்கள் தெரிவு மாறியது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருபவருக்கு, எங்கோ யாரோ ஒருநாள் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதத்தான் போகிறார்கள். சீட்டில் எச்சரிக்கை எழுதிக்கொடுப்பதைவிட டிசானிடினையே தவிர்ப்பது பாதுகாப்பு. மாற்றாகக் கேபாபென்டின் 300 மி.கி. இரவில், ஒரு வாரம் கழித்து 600. இதற்கும் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். பேக்லோஃபெனோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும் என்பதால் முதல் வாரம் இரவில் தனியாக எழுந்து நடக்கக் கூடாது. டான்ட்ரோலீன் என்ற வேறொரு தளர்த்தும் மருந்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது தசைக்குள்ளேயே வேலை செய்வதால் தூக்கக் கலக்கம் குறைவு, ஆனால் பலவீனத்தைக் கூட்டும், கல்லீரலையும் தாக்கக்கூடும். நிற்க வலு போதாதவருக்கு அது பொருந்தாது.

உள்தொடை: ஊசிக்கு முன் ஒரு ஒத்திகை

இப்போது சிக்கல் இரண்டு தொடைகளின் உட்புறம் என்ற சின்ன வட்டத்துக்குள் வந்துவிட்டது. ஓரிடத்துச் சிக்கலுக்கு உடம்பு முழுவதும் போகும் மருந்து தேவையில்லை. ஊசி போட்ட தசையை மட்டும் சில மாதம் தளர்த்தும் போட்டுலினம் டாக்சின் இங்கே சரியான கருவி. ஆனால் ஒரு கேள்வி இருந்தது. நின்று மாறும்போது தொடைகளை ஒட்டிப் பிடித்து இடுப்பை நிலைநிறுத்த அவர் இதே தசையைத்தான் பயன்படுத்துகிறாரா? அப்படியானால் ஊசி மூன்று மாதத்துக்கு அவரை நிற்கவிடாமல் செய்துவிடும்.

அதற்கு விடை தருவது தற்காலிக நரம்பு மரப்பு. ஸ்கேன் பார்த்து, உள்தொடைக்குப் போகும் ஆப்டுரேட்டர் நரம்பைச் சுற்றி 1 சதவீத லிடோகெயின் ஒவ்வொரு பக்கமும் 10 மி.லி. ஓரிரு மணி நேரம் தசை தளர்ந்திருக்கும். அந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் செய்துபார்க்க வேண்டும். முழங்கால் இடைவெளி 26 செ.மீ. வரை விரிந்தது. கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கத்தீட்டரைத் தானே செலுத்தினார். நாற்காலிக்கு மாறும்போது கால்கள் கொஞ்சம் அகன்றன, ஆனால் விழவில்லை. இந்த ஒத்திகை இல்லாமல் நிற்கக்கூடிய ஒருவரின் உள்தொடையில் டாக்சின் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஏழாம் வாரத்தில் 'ஆனபோட்டுலினம் டாக்சின்-ஏ' என்ற வகை டாக்சின். ஒவ்வொரு பக்கமும் 150 யூனிட்: நீண்ட உள்தொடைத் தசையில் 60, பெரிய உள்தொடைத் தசையில் 60, மெலிந்த உள்தொடைத் தசையான கிராசிலிஸில் 30. 100 யூனிட் குப்பிக்கு 2 மி.லி. உப்புநீர் கலந்து, 1 மி.லி.யில் 50 யூனிட். ஸ்கேனில் ஊசி முனையையும் தசையையும் பார்த்தபடி, ஓரிடத்தில் 50க்கு மேல் போகாமல் பிரித்துச் செலுத்தப்பட்டது. தொடையின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் அருகருகே இருப்பதால் கைத்தடவலை நம்பிக் குத்துவது இங்கே கூடாது. வேறு பிராண்டு டாக்சினின் யூனிட் வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே எழுதினால் பெரும் தவறு. மூன்று மாதத்துக்குள் உடம்பின் எல்லா இடத்துக்கும் சேர்த்து ஆனபோட்டுலினத்தின் மொத்தம் 400 யூனிட்டைத் தாண்டக்கூடாது. சிறுநீர்ப் பைக்கும் இதே டாக்சின் 200 யூனிட் போடுவதுண்டு, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு துறைகளில் தனித்தனியே சிகிச்சை பெறுபவர்களிடம் இந்தக் கணக்கு தவறிப்போகும்.

முன்தொடையைத் தொடவே இல்லை. கெண்டைக்காலையும் இந்தச் சுற்றில் விட்டுவைத்தோம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நிற்பதில் மாற்றம் வந்தபோது எதனால் என்று தெரியாது.

ஊசியைவிட அதன் பிறகு செய்வது

டாக்சின் சில நாளில் வேலை தொடங்கி, 4 முதல் 6 வாரத்தில் உச்சம் தொட்டு, 12 வாரம் அளவில் தேய்ந்துவிடும். இந்த இடைவெளியில் தசையை நீட்டிக்காவிட்டால் ஊசி வீண்.

உள்தொடை நீட்டல்: மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, உதவியாளர் இரு முழங்கால்களின் உட்புறத்திலும் உள்ளங்கையை விரித்து வைத்து, நான்கைந்து விநாடி எடுத்து மெல்லத் தொடங்குகிறார். பிடிப்பு வந்த இடத்தில் தள்ளாமல் அப்படியே நிற்கிறார். சில விநாடியில் தசை விட்டுக்கொடுக்கும். அப்போது அடுத்த சில மில்லிமீட்டர். அங்கே 60 விநாடி, 5 முறை, நாளுக்கு இரண்டு வேளை. சட்டென்று இழுப்பதுதான் வீடுகளில் நடக்கிற முதல் தவறு. வேகமே இந்த இறுக்கத்தின் விசை என்பதால், இழுத்தவர் தோற்பார்.

கெண்டைக்கால் நீட்டலில் இன்னொரு தவறு. பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். அந்த இடத்தில் அழுத்தம் பட்டாலே பாதம் துடிக்கத் தொடங்கும்; தவிர, குதிகால் அசையாமல் பாதத்தின் நடுப்பகுதி மட்டும் வளைந்து, நீட்டிவிட்டதுபோல் ஏமாற்றும். குதிகாலைக் கிண்ணம்போல் உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அந்தக் கையின் முன்கைப் பகுதி முழுப் பாதத்தின் அடியிலும் படிய வேண்டும். குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடி, உதவியாளர் தன் உடம்பை முன்னே சாய்த்தால் போதும்.

நிற்கும் சட்டத்தில் 30 நிமிடம், வாரம் 3 முறையாவது. ஒரே நேரத்தில் இடுப்பு, பின்தொடை, கெண்டைக்கால் மூன்றும் உடம்பின் எடையில் நீளும். நாளெல்லாம் கைகளால் நீட்டினாலும் இது கிடைக்காது. முதல் நாள்களில் 10 நிமிடம், தலைசுற்றினால் உட்கார வேண்டும்.

நாற்காலியிலும் குறை இருந்தது. தொங்கிய துணி இருக்கை நடுவில் குழிந்து தொடைகளை ஒன்றையொன்று நோக்கிச் சரித்தது. அடியில் உறுதியான பலகை வைத்துப் பொருத்தமான மெத்தை போட்டதும் தொடைகள் இணையாக நின்றன. கால்பலகை தாழ்ந்திருந்ததால் பாதத்தின் முன்பகுதி மட்டும் பட்டுக் குளோனஸ் நடந்துகொண்டே இருந்தது. பலகையை உயர்த்திக் குதிகால் படிய வைத்ததும் அது பெரும்பாலும் அடங்கியது. இரவில் பக்கவாட்டில் படுத்து, இடுப்பும் முழங்காலும் ஓரளவு மடங்க, முழங்கால்களுக்கு இடையே தடித்த தலையணை.

என்ன கிடைத்தது

ஊசி போட்ட 6ஆம் வாரத்தில் முழங்கால் இடைவெளி 23 செ.மீ. உள்தொடை ஆஷ்வொர்த் 3லிருந்து 1+, அதாவது 1க்கும் 2க்கும் இடையே. நாளுக்கு 4 முறை கத்தீட்டரை அவரே செலுத்துகிறார், மிச்சம் தேங்குவதில்லை. இரவில் இழுப்பு ஒரு முறை, அதுவும் சில இரவுகளில் மட்டும். தொடர்ந்து 5 மணி நேரம் தூங்குகிறார். தொல்லை மதிப்பு 3. நாற்காலிக்கு நின்றே மாறுகிறார். 25 அடி நடக்க 29 விநாடி, அதாவது நடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதற்காக இந்தச் சிகிச்சை செய்யப்படவும் இல்லை.

ஊசி போட்ட 14ஆம் வாரத்தில் மறுசுற்று. நீட்டல் ஒழுங்காக நடந்திருந்ததால் உள்தொடைக்கு ஒவ்வொரு பக்கமும் 100 யூனிட் போதுமாக இருந்தது. மிச்சக் கணக்கில் வலது கெண்டைக்காலின் சோலியஸ் தசைக்கு 100. மெதுவாகத் தள்ளினால் வலது பாதம் இன்னும் நேர்கோணத்திலேயே நிற்கிறது. அந்தப் பங்கை டாக்சின் மாற்றாது. ஊசியின் உச்சக் காலத்தில், வாரம் ஒரு முறை மாற்றும் தொடர் மாவுக்கட்டு இரண்டு அல்லது மூன்று சுற்று, அதன் பிறகு கணுக்கால் தாங்கி. உணர்ச்சி குறைந்த தோல் என்பதால் ஒவ்வொரு கட்டையும் பிரித்ததும் குதிகாலையும் கணுக்கால் முண்டுகளையும் பார்த்து, சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த கட்டு கிடையாது.

இதுவும் போதாமல் போனால்

வாய்வழி மருந்து போதாத சிலருக்கு கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த நாபிக்ஸிமால்ஸ் வாய்த் தெளிப்பு கிடைக்கும் இடங்களில் உதவுகிறது. ஒரு தெளிப்பில் முறையே 2.7 மி.கி.யும் 2.5 மி.கி.யும், நாளுக்கு 12 தெளிப்பு உச்சம். நான்கு வாரம் முயன்று, தொல்லை மதிப்பு 20 சதவீதமாவது குறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு கால்களும் முழுதாக இறுகி, மாத்திரையின் மயக்கம் தாங்க முடியாமல் போகும்போது தண்டுவடத் திரவத்துக்குள் பேக்லோஃபென் செலுத்தும் பம்ப். மாத்திரை மில்லிகிராமில், இது மைக்ரோகிராமில். முதலில் முதுகின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத் திரவத்துக்குள் போடும் ஊசி வழியாக 50 மைக்ரோகிராம் சோதனை அளவு. சுமார் 4 மணி நேரத்தில் விளைவு உச்சம் தொடும். பலன் இல்லையென்றால் 24 மணி நேரம் கழித்து 75, அதன் பிறகு 100. அதற்கும் அசையாவிட்டால் பம்ப் வேண்டாம். நின்று மாறுபவரை அந்த உச்ச நேரத்தில் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். பம்ப் வைத்த பிறகு பெரிய ஆபத்து மருந்து திடீரென்று நிற்பது. குழாய் மடங்கினாலோ, நிரப்பும் தேதி தவறினாலோ முதலில் தோலில் அரிப்பும் இறுக்கமும், பிறகு காய்ச்சல், குழப்பம், உயிராபத்து. அரிப்பு என்று தோல் மருத்துவரிடம் போய்விடக்கூடாது.

இவருக்கு இப்போது பம்ப் தேவையில்லை. எப்போது பேச்சைத் திறப்பது என்று முன்கூட்டியே குறித்துவைத்திருக்கிறோம்: தூண்டல்கள் எதுவும் இல்லாமல் தொல்லை மதிப்பு 6ஐத் தாண்டி நான்கு வாரம் நீடித்தால், அல்லது இரண்டு டாக்சின் சுற்றுக்குப் பிறகும் முழங்கால் இடைவெளி 15 செ.மீ.க்குக் கீழே போனால். வீட்டில் கணவரின் கையில் ஒரு அளவு நாடா இருக்கிறது. மாதம் ஒரு முறை, காலையில், கத்தீட்டர் போட்டுப் பையைக் காலி செய்த பிறகு அளக்க வேண்டும். திடீரென்று குறைந்தால் மருந்தைக் கூட்டுமுன் சிறுநீர், மலம், கால்விரல்கள், தோல் என்ற அதே வரிசையில் பார்த்துவிட்டு அழைக்க வேண்டும்.